சட்டைக் கையில் ஒரு ஜெபம்

இங்கிலாந்து நாட்டில் காவென்ட்ரி என்றோர் ஊர். அவ்வூரில் 1519ஆம் ஆண்டு ஏழு பேர் கொளுத்தப்பட்ட செய்தியை, அதே நூற்றாண்டில் வாழ்ந்த கிறித்துவ வரலாற்றாசிரியர் ஜான் ஃபாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். கொலை செய்தனரா அவர்கள்? இல்லை. கொள்ளையடித்தனரா? இல்லை. அரசனைக் கவிழ்க்கச் சதி செய்தனரா? அதுவுமில்லை. தம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தனர்! அதுவே தலையாய குற்றமென்கிறார் ஃபாக்ஸ்.

எழுவரில் நால்வர் செருப்புத் தைப்போர். ஒருவர் கையுறை செய்பவர். ஒருவர் காலுறை செய்பவர். ஏழாமவர் ஸ்மித் என்ற கைம்பெண். அந்த அம்மையாரை முதலில் விடுவித்துவிட்டனர். கண் பார்வை மங்கியவரென்று, வீடுவரை கொண்டுபோய் விடக் கைபிடித்து அழைத்துச் சென்றான் மன்றச் சேவகன். சட்டைக் கைக்குள் ஏதோ சலசலத்தது. இழுத்துப் பார்த்தான், ஆங்கிலத்தில் எழுதிய ஜெபச் சுருள்! உடனே பிஷப்பிடம் திரும்ப இழுத்துச் சென்றான். அம்மையாரும் நெருப்புக்கு இரையானார்.

நாம் ஜெபம் செய்வோர் அல்லர். பைபிளை இறைவன் வாக்கென்று ஏற்போரும் அல்லர். ஆயினும் அந்தச் சுருளின் கதையை நாம் படித்தாக வேண்டும். ஏனெனில் அது பக்தியின் கதை மட்டுமன்று; பாமரன் வாய்க்குப் போட்ட பூட்டின் கதை.

பூட்டைச் செய்தோர் யார்? மதத்தை மறுப்போரைக் கொளுத்தலாம் என 1401இல் சட்டம் வந்தது. ஒப்புதலின்றி வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும், பெயர்த்ததைப் படிப்பதும் குற்றமென 1409இல் பேராயர் ஆரண்டல் ஆணையிட்டார். ஆங்கில பைபிளுக்கு வித்திட்ட விக்ளிஃப் 1384லேயே மறைந்திருந்தார். செத்தவரையும் விட்டார்களா? 1428இல் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை எடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தனர்!

ஏன் இந்த ஆத்திரம்? அடுத்து வந்த டிண்டேலின் பணி அதற்கு விடை தருகிறது. ஏர் ஓட்டும் சிறுவனும் வேதத்தை அறியச் செய்வேன் என்று சூளுரைத்த அறிஞர் அவர். தாய்நாட்டில் இடமின்றி ஜெர்மனி சென்றார். 1526இல் வோர்ம்ஸ் நகரில் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். துணிப் பொதிகளுக்குள் மறைந்து அந்நூல் இங்கிலாந்து வந்தது. லண்டன் பிஷப் அதைக் குவித்துக் கொளுத்தினார்.

மொழி மாறியது மட்டுமா குற்றம்? குருமார் என்று பொருள் கொண்டிருந்த இடத்தில் 'மூப்பர்' என்று எழுதினார் டிண்டேல். திருச்சபை என்ற இடத்தில் 'கூட்டம்' என்றார். 'பிராயச்சித்தம் செய்' என்பதை 'மனந்திரும்பு' என்றார். சொற்கள் சிறியவை, விளைவோ பெரிது! மனந்திரும்புவது தானே செய்யக்கூடியதாயின், பிராயச்சித்தம் விதிக்கும் பாதிரி எதற்கு? கூடும் மக்களே சபையாயின், மாளிகையும் மகுடமும் எதற்கு? மூல மொழியான கிரேக்கத்தைப் பார்த்து எழுதிய இச்சொற்கள் ஒரு பெரும் பீடத்தை ஆட்டின. 1536இல் பிரஸ்ஸல்ஸுக்கு அருகே அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தனர்.

பிறகு அரசனுக்கும் போப்புக்கும் பகை மூண்டது. அதன் பயனாக 1539இல் கோயில்தோறும் ஆங்கில பைபிள் வைக்கப்பட்டது. மக்கள் படித்தனர்; படித்ததைச் சாராயக் கடையிலும் சந்தையிலும் பேசினர். அஞ்சினான் அரசன்! பெண்கள், கைவினைஞர், வேலை பழகுவோர், ஊழியர், உழவர், கூலிக்காரர் ஆகியோர் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாதென 1543இல் சட்டம் வந்தது. உயர்குலப் பெண்கள் மட்டும் தனியே படித்துக் கொள்ளலாமாம்! வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன கௌதம தர்மசூத்திரம் நம் நினைவுக்கு வருகிறதன்றோ? கடல் வேறு, கடவுள் வேறு. ஆயினும் ஆதிக்கத்தின் அச்சம் ஒன்றே.

1547இல் அச்சட்டம் நீங்கியது. 1549இல் ஆங்கில ஜெபநூல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. வென்றது தாய்மொழி என்று ஆர்ப்பரிக்கலாமா? பொறுங்கள், தோழர்களே! தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், கார்னிஷ் என்ற வேறு மொழி பேசிய மக்கள் இருந்தனர். 'எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது' என்று சொல்லி அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பழைய இலத்தீன் பூசையையே அவர்கள் திரும்பக் கேட்டனர். அது பிற்போக்கே, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த விடை என்ன? படை! ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நேற்றுவரை இலத்தீனிடம் அடிபட்ட ஆங்கிலம், இன்னொரு தாய்மொழியின் தலையில் ஏறி அமர்ந்தது.

அண்டையிலிருந்த வேல்சு நாட்டின் நிலை வேறு. வேல்சு மொழியில் பைபிள் வேண்டுமென 1563இல் சட்டமே இயற்றினர்; வில்லியம் மோர்கன் 1588இல் முழு நூலையும் தந்தார். ஞாயிறுதோறும் கோயிலிலும் நாள்தோறும் இல்லத்திலும் ஒலித்த அம்மொழி நிலைத்தது, இன்றும் வாழ்கிறது. பைபிளும் ஜெபநூலும் பெறாத கார்னிஷோ தேய்ந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியோடு மறைந்தனர். 20ஆம் நூற்றாண்டில் ஆர்வலர்கள் அதற்கு மீண்டும் உயிரூட்ட வேண்டியதாயிற்று.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? 'கடவுளையே மறுக்கும் உங்களுக்கு, எந்த மொழியில் வழிபட்டால் என்ன?' என்று நம்மைக் கேட்போர் உண்டு. அவர்களுக்குக் காவென்ட்ரியின் செருப்புத் தொழிலாளரைக் காட்டுவோம். அவர்கள் நாத்திகரல்லர், நல்ல பக்தர்கள். சொல்வது இன்னதென்று அறிந்து சொல்ல விரும்பியதற்காகவே மாண்டனர். பொருள் அறிந்தவன் அடுத்து 'ஏன்?' என்று கேட்பான். அந்தக் கேள்வியைத் தடுக்கவே புரியாத மொழி காக்கப்படுகிறது. ஆகவே தமிழில் அர்ச்சனை வேண்டுமென்போன் பக்தனாயினும், அவன் உரிமைக்கு நாம் துணை நிற்போம். நம் மொழிக்குக் கேட்கும் நீதியைக் கார்ன்வால் உழவனுக்கும் கேட்போம். கும்பிடுபவன் கும்பிடட்டும், ஆனால் தெரிந்து கும்பிடட்டும். தெரிந்தபின் கும்பிடுவதா கூடாதா என்பதை அவன் அறிவு முடிவு செய்யட்டும்!