எரிவாயுச் சுழலி: கடலூர், காவிரிப் படுகை

எரிவாயுச் சுழலி என்பது காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, விரியும் சூட்டு வளியால் தகடுகளைச் சுழற்றி மின்னாக்கும் எந்திரம். ஆலைகளில் இதற்கு ‘கேஸ் டர்பைன்’ என்றே பெயர்.

1791இல் ஆங்கிலேயர் ஜான் பார்பர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் காலத்தில் எந்திரம் ஓடியதாகத் தெரியவில்லை. தன் தேவை போக ஆற்றலை மிச்சம் தந்த முதல் சுழலி நார்வேயின் எல்லிங் 1903இல் செய்தது என்பர். பிரெஞ்சுக்காரருக்கும் அப்பெருமையில் பங்கு கோருவோர் உண்டு.

பொது மின்வழங்கலுக்கான முதல் நிலையம் 1939இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகருக்காகச் செய்யப்பட்டது. அது ஈட்டிய சுமார் 15,400 கிலோவாட்டில் 11,400ஐ அதன் காற்றழுத்தியே விழுங்கிவிட, மின்னாக்கிக்குக் கிடைத்தது 4,000 மட்டுமே. எரிபொருள் வெப்பத்தில் 17.4 விழுக்காடுதான் மின்சாரமாயிற்று. இவற்றை அளந்த சோதனையை நடத்தியவர் இத்துறைக்குப் பாடநூல் தந்த பேராசிரியர் ஸ்டோடோலா. அப்போது அவருக்கு வயது எண்பது.

தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் காவிரிப் படுகையின் நரிமணத்தில் 5 மெகாவாட் சுழலிகள் இரண்டு அமைந்தன. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996இல் நாப்தா எனும் பெட்ரோலிய எரிபொருளில் ஓடும் 30 மெகாவாட் சுழலிகள் நான்கு வந்தன. நாப்தா விலை காரணமாக இவை உச்சத் தேவைக்கே பயன்பட்டன. கோவில்களப்பாள், வழுதூர், குத்தாலம் நிலையங்கள் கூட்டுச் சுழற்சி முறையைச் சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, குத்தாலத்தில் சுழலி தருவது 64 மெகாவாட். அது வெளியேற்றும் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வளியைக் கொதிகலனுக்குத் திருப்பி, கூடுதல் எரிபொருளின்றி நீராவியால் இன்னும் 37 மெகாவாட் பெறுகிறார்கள்.

கடலூர் மாவட்டத்தில் 1962 முதல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கே முதலிடம். ஆனால் கடலூர்–சிதம்பரம் சாலையில் உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் பேட்டையின் சாய, மருந்து, வேதிப்பொருள் ஆலைகளுக்கு மின்சாரமும் நீராவியும் ஒருசேரத் தேவை. இணை உற்பத்தி முறையில் ஒரே சுழலி இரண்டையும் தரும். எரிபொருள் வெப்பத்தில் முக்கால் பங்கு வரை பயனாகும். சாம்பல் இல்லை, நைட்ரஜன் ஆக்சைடு உண்டு.

எரிவாயு வரத்தைப் பொறுத்தவரை, எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வைத் தடுக்கிறது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி ஒன்றியங்கள் அதில் அடங்கும்.