பெற்றோர் கடும் நோய்க்குச் சிகிச்சை பெறும்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

தாயோ தந்தையோ கடும் நோய்க்குச் சிகிச்சை பெறும் வீட்டில், பள்ளிக்குச் சென்று வரும் பிள்ளை தொற்றைக் கொண்டுவந்துவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. இந்த அச்சத்தால் பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. குறிப்பிட்ட சில நாட்கள் நிறுத்துவது நோயாளிக்குப் பாதுகாப்பு தரும். காலவரையின்றி நிறுத்துவதால் கிடைக்கும் பாதுகாப்பு சிறிது. பிள்ளைக்கு ஏற்படும் இழப்போ பெரிது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

- கீமோதெரபி பெறுவோர். பெரும்பாலான மருந்துகளில், ஒவ்வொரு சுற்றுக்கும் பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்.
- சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர். குறிப்பாக முதல் ஆறு மாதங்கள்.
- அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர்.
- சின்னம்மை வந்திராத கர்ப்பிணிகள்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு முறையாக மருந்து உட்கொள்வோர், இக்காரணத்திற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தத் தேவையில்லை.

நீண்ட நாள் நிறுத்துவது ஏன் பயன் தருவதில்லை?

தொற்று பிள்ளை வழியாக மட்டுமே வீட்டுக்குள் வருவதில்லை. கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு நெருக்கமாக ஜீப்பில் சென்று வரும் பெரியவர்கள், சந்தைக்குச் செல்வோர், நலம் விசாரிக்க வரும் உறவினர் ஆகியோர் வழியாகவும் வரலாம். பிள்ளையை மட்டும் நிறுத்தினால் இவ்வழிகள் திறந்தே இருக்கும்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போதும் வருகை கட்டாயமாக்கப்படவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்தனர். அந்த இடைவெளியில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யவே இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அன்று எல்லாப் பிள்ளைகளும் ஒருசேரப் பின்தங்கினர். ஈடுசெய்ய அரசுத் திட்டமும் வந்தது. இன்று தனியே நிறுத்தப்படும் பிள்ளையோ தனியே பின்தங்குகிறது. சமையலும் நோயாளிக்கான பணிவிடையும் மெல்ல அப்பிள்ளையின், குறிப்பாகப் பெண்பிள்ளையின், பொறுப்பாகிவிடுகின்றன. பிறகு பள்ளிக்குத் திரும்புவது கடினமாகிறது.

எப்போது வீட்டில் நிறுத்த வேண்டும்?

- காய்ச்சல் இருந்தால்: மருந்தின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்கும் வரை.
- சின்னம்மை கண்டால்: எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை.
- தட்டம்மை கண்டால்: தடிப்பு தோன்றிய நாளிலிருந்து 4 நாட்கள் முடியும் வரை.
- வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் வகுப்பில் காய்ச்சல் பரவினால்: சிகிச்சை அளிக்கும் மருத்துவர் கூறும் நாட்கள் மட்டும்.

எக்காரணத்திற்காக நிறுத்தினாலும், பள்ளிக்குத் திரும்பும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளவும்.

நோயுற்ற பிள்ளை வீட்டில் இருக்கும்போது நோயாளிக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பைப் பாட்டி, சித்தி போன்ற வேறொருவர் ஏற்க வேண்டும். இருவரும் தனித்தனியே உறங்க வேண்டும். இயலாவிடில் சன்னல்களைத் திறந்து வைத்து, இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும்.

அம்மை: தாமதம் கூடாது

சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு 1 முதல் 2 நாட்கள் முன்பே பரவத் தொடங்கும். எனவே வகுப்பில் ஒருவருக்கு அம்மை கண்டதாக அறிந்தவுடனே, நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். பிள்ளைக்கு முன்பு சின்னம்மை வந்திராமலும் அதற்கான தடுப்பூசி போடாமலும் இருந்தால், சில நாட்கள் உறவினர் வீட்டில் தங்கச் செய்வது குறித்தும் அவரிடம் கேட்கவும்.

வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டி, வேப்பிலை வைத்து, அம்மை கண்டவரைத் தனியே வைத்திருப்பது நம் மாவட்டத்து வழக்கம். தனியே வைத்தல் மருத்துவ நோக்கிலும் நன்று. ஆயினும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் அவ்வீட்டில் இருந்தால், அவருக்கான தடுப்பு மருந்து தொடக்க நாட்களில்தான் நன்கு பயன்படும். வழிபாட்டுடன் மருத்துவ ஆலோசனையும் அன்றே பெறப்பட வேண்டும்.

அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவை

- பள்ளியிலிருந்து வந்தவுடன் சோப்பால் 20 விநாடி கை கழுவி, சீருடையை மாற்றிய பிறகே நோயாளியிடம் செல்லச் செய்யவும்.
- நோயாளிக்குத் தனித் தம்ளர், தனித் துண்டு வைக்கவும்.
- சளி, இருமல் உள்ள எவரும், பெரியவர்கள் உட்பட, முகக்கவசம் அணியவும்.
- பிள்ளையின் தடுப்பூசிகள் விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளவும்.
- இன்புளூயன்சா தடுப்பூசி நோயாளிக்கும் வீட்டாருக்கும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கவும்.

பள்ளியிடமும் பிள்ளையிடமும் கூற வேண்டியவை

வகுப்பில் அம்மையோ காய்ச்சலோ பரவினால் உடனே தெரிவிக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளவும். நோயின் பெயரைக் கூற வேண்டிய கட்டாயம் இல்லை. விடுப்பு நாட்களில் பாடக் குறிப்புகளைக் கேட்டுப் பெறவும். கல்வி தொடர்பான உதவிக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம்.

"உன்னால்தான் அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று ஒருபோதும் கூற வேண்டாம். பெற்றோரின் உடல்நிலை மோசமானால் அப்பிள்ளை அச்சொல்லை நெடுங்காலம் சுமக்கும். கை கழுவுவது மட்டுமே தன் பங்கு என்பதையும், நோய்க்குத் தான் காரணம் அல்ல என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், இரவாயினும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்து நேரத்தை இழக்க வேண்டாம். 108 ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லவும். சிகிச்சைக் குறிப்பேட்டை உடன் எடுத்துச் சென்று, நோயாளி என்ன சிகிச்சை பெறுகிறார் என்பதை முதலில் கூறவும். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.