கப்பல்காரர்களைக் காத்த கீரைச் சூப்பு



காய்கறிச் சூப்பு வைத்து, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறோம். இதிலே என்னங்க சரித்திரம் என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கான உயிர்கள் சம்பந்தப்பட்ட சரித்திரம் இதற்குள் இருக்கிறது.

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும்தான் சாப்பாடு. பச்சைக் காய் கண்ணில் படாது. நாளாக நாளாக ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்கூட மறுபடி வாய் திறக்கும். கடைசியில் ஆளே போய்விடுவான். இந்த நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர். 1740-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஆன்சன் என்ற தளபதியின் கப்பல்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் சிலரே. மற்றவர்களை நோய்தான் வாரிக்கொண்டு போனது.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் ஒரு சோதனை செய்தார். நாம் வயலில் பாத்தி பிரித்து உரத்தைச் சோதிக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான். 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவாக்கினார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் வேறு வேறு. ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், இப்படி. ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த ஜோடியில் ஒருவன் எழுந்து வேலைக்கே போய்விட்டான்!

அடுத்து, 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றிய கேப்டன் குக். நியூசிலாந்துக் கரையில் இறங்கியதும், அங்கே தானாக முளைத்துக் கிடந்த செலரி என்ற வாசனைக் கீரையைப் பறித்து வரச் சொன்னார். காய்ச்சி இறுகவைத்த சூப்புக் கட்டியோடும் ஓட்ஸ் தானியத்தோடும் அதை வேகவைத்து, காலை ஆகாரமாக ஆட்களுக்குக் கொடுத்தார். ஸ்கர்வி அவர் கப்பலில் தலையெடுக்க முடியவில்லை.

இனிதான் முக்கியமான சங்கதி. பழம் கெட்டுப்போகாமல் இருக்க லிண்ட் ஒரு யோசனை சொன்னார். சாற்றைப் பல மணி நேரம் சூடாக்கிப் பாகாக வற்றவைக்கச் சொன்னார். பாகு கெடவில்லை, சத்துதான் பெரும்பகுதி போய்விட்டது! பழச்சாற்றின் பெருமையையே பலர் சந்தேகப்பட இதுவும் ஒரு காரணம். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுக்க 1795 வரை ஆயிற்று. லிண்டின் சோதனை நடந்து 48 வருஷம்! அந்தச் சத்துதான் வைட்டமின் சி. அதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக சென்ட்-ஜியார்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி 1937-இல் நோபல் பரிசு பெற்றார்.

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். ஆகவே காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதுதான் சூப்பு. காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், எது கிடைக்கிறதோ அதைச் சமைக்கும்போதே நறுக்கி, கொதிக்கிற நீரில் போட்டு, மூடி வேகவிடுங்கள். உப்பு, மிளகுத்தூள் சேர்த்து இறக்குங்கள். தழையும் எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகுதான். அடுப்பில் கொதிக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் கசந்துபோகும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். ருசிக்காகச் சொன்ன பேச்சு. சத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

கிணற்றடியில் ஒரு எலுமிச்சங்கன்று, வாய்க்கால் ஓரம் ஒரு பாத்தி கொத்தமல்லி இருந்தால் போதும்.