தொழிற்போட்டியும் காதலும்: பழவேற்காட்டுப் பாடு முறையும் நெய்தல் நாவல்களும்

ஒரே தொழிலில் ஒருவரோடொருவர் போட்டியிடுவோரிடையே உருவாகும் காதலை மையமாகக் கொண்ட நாவல்கள் இன்றைய ஆங்கில வெகுசன எழுத்தில் தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி தோர்ன் 2016-இல் எழுதிய 'தி ஹேட்டிங் கேம்' அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஒரு பதிப்பகத்தில் எதிரெதிர் மேசைகளில் பணியாற்றும் லூசி, ஜோஷுவா என்னும் இருவர் ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிடுகின்றனர். பகையாகத் தொடங்குவது காதலாக முடிகிறது. 2021-இல் இது திரைப்படமாகவும் வந்தது.

இவ்வகைக் கதையில் தோற்பவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். தமிழ்க் கடற்கரையில் தொழிற்போட்டி அப்படிப்பட்டதன்று. அங்கே போட்டியிடுவது தனியாள் அல்ல. குடும்பமும் ஊரும் சாதியும் ஆகும். அதனால் நெய்தல் நிலத்தின் காதல் கதைகளில் தொழிற்போட்டி பின்னணியாக நிற்காமல், யார் யாரை மணக்கலாம் என்பதையே முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டு ஏரியின் பாடு முறை நல்ல சான்று.

பழவேற்காட்டில் பாடு

பழவேற்காடு ஏரி சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்திலும் உள்ளன. தெற்கே ஆரணியாறு ஏரியில் கலக்கிறது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தின் வழியாக இறால் குஞ்சுகள் உள்ளே வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் இறால் மிகுதி. இடம் சிறியது, வலை விரிக்க விரும்புவோரோ பலர்.

இந்தப் போட்டியை ஊர்கள் பாடு முறையால் தீர்த்தன. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் இம்முறையோடு நெடுங்காலமாகத் தொடர்புடையவை. உரிமையுள்ளவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்குவர். எந்தக் குழு எந்தப் பாட்டில் எந்த நாளில் சுத்துவலை போடலாம் என்பதைச் சீட்டு சொல்லும். இன்று நல்ல பாடு பெற்றவர் அடுத்த முறை வறண்ட பாட்டுக்குப் போவார். திறமையுள்ளவர், வசதியுள்ளவர், முந்தி எழுபவர் என்ற எந்தக் காரணத்துக்காகவும் முறை மாறாது. போட்டியாளரைக் கூட்டாளியாக வைத்திருக்கும் ஏற்பாடு இது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்காகக் கட்டு வலை போடும் மீனவர்களிடையே இதை ஒத்த சீட்டு முறை உள்ளது.

'பாடு' என்ற சொல்லே பொருள் நிறைந்தது. மீன்பிடிக்கும் இடத்துக்கும் அது பெயர். வேறு கரைகளில் அன்றைக்குக் கிடைத்த மீனையும் பாடு என்பர். ஊரில் மற்றவர்கள் துன்பத்தைப் பாடு என்று சொல்வதைப் பார்க்கும்போது மூன்றும் ஒன்றுதானோ என்று தோன்றும்.

பாட்டில் பங்கு பெறுவதற்கான தகுதிகளே இங்கு முக்கியம். பாடு ஊரைச் சேர்ந்த பட்டினவ ஆணாக இருக்க வேண்டும். திருமணமும் ஆகியிருக்க வேண்டும். அதாவது திருமணம் ஓர் இளைஞனுக்குக் குடும்பத்தை மட்டுமன்றி ஏரியில் தனக்கென ஒரு முறையையும் தருகிறது. பெண்ணுக்குப் பாட்டில் பங்கு இல்லை. ஆனால் அவள் இல்லாமல் ஆணுக்கும் பங்கு இல்லை. தொழிலுரிமை மணத்தோடு இப்படிக் கட்டப்பட்டிருக்கும் இடத்தில் ஒரு காதல் இருவரோடு நின்றுவிடாது. ஊரின் கணக்கில் ஒரு பங்கைக் கூட்டவோ குழப்பவோ செய்யும். பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் மணத்தில் தலையிடுவதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

நெய்தலின் பழைய மறுப்பு

இந்தக் கணக்கு புதியதன்று. நற்றிணையின் 45-ஆம் பாடலில் தோழி தலைவனை மறுக்கிறாள். தலைவி மீன்பிடிக்கும் பரதவர் மகள். வந்தவனோ மூதூரில் தேருடைய செல்வன் மகன். மீன் உணக்கும் தங்கள் நாற்றம் அவனுக்கு ஆகாது, விலகி நிற்கட்டும் என்பது அவள் வாதம். தங்கள் வாழ்க்கையும் குறைந்ததன்று, தங்களுக்குள்ளும் சிறந்தவர்கள் உண்டு என்றும் முடிக்கிறாள். இதைத் தாழ்வுணர்ச்சி என்று படிப்பவர் உண்டு. தொழிலைப் பகிராதவனோடு வாழ்வைப் பகிர முடியாது என்ற செருக்கு என்று படிப்பதே பாடலுக்கு நெருக்கமானது.

செம்மீன்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலான 'செம்மீன்' 1956-இல் வெளியானது. மறுஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகரிடமும் அழுத்தமான இடம் பிடித்தது. ராமு காரியாட் இயக்கிய 1965-ஆம் ஆண்டுத் திரைப்படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற முதல் தென்னிந்தியப் படமாகும்.

கறுத்தம்மா, பரீக்குட்டி காதல் கதையாகவே இந்நாவல் நினைவுகூரப்படுகிறது. ஆனால் கதையை நகர்த்துவது செம்பன்குஞ்சுவின் தொழில் ஆசை. பிறர் தோணியில் உழைத்தவன் சொந்தத் தோணியும் வலையும் வாங்க விரும்புகிறான். யார் தோணி வைத்திருக்கலாம் என்பதற்குக் கரையில் கட்டுப்பாடு உண்டு. அதை மீறிச் செல்ல அவன் நாடுவது மகளை விரும்பும் வியாபாரி பரீக்குட்டியின் பணத்தை. தோணி வந்தபின் கடன் திரும்பவில்லை. கறுத்தம்மாவோ பழனி என்னும் திறமையான மீனவனுக்கு மணம் செய்து கொடுக்கப்படுகிறாள். மனைவியின் கற்பே கடலில் கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கையைக் கொண்டு நாவல் முடிவை அமைக்கிறது: காதலர் இருவரும் கரையில் பிணமாக ஒதுங்க, பழனி கடலில் மடிகிறான். கடன் வாங்கிய தந்தையை விட்டுவிட்டுக் காதலித்த மகளுக்குக் கடல் தண்டனை தருவது இந்நாவலின் பலவீனம்.

கடல்புரத்தில்

இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இந்தத் தண்டனையைக் கைவிட்டது. மணப்பாட்டுக் கத்தோலிக்கப் பரதவர் வாழ்வைச் சொல்லும் சிறிய நாவல் இது. இலக்கியச் சிந்தனை பரிசு பெற்றது. குரூஸ் மிக்கேல் ஒரு வல்லத்தை வைத்துப் பிழைப்பவர். ஆசிரியர் வேலையில் இருக்கும் மகன் செபஸ்தி, தந்தை எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறான். மகள் பிலோமி சாமிதாஸைக் காதலிக்கிறாள். ஊரிலோ வல்லக்காரர்களும் லாஞ்சிக்காரர்களும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றனர். பகை கொலை வரை செல்கிறது.

இந்தப் பகைக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1950-களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இயந்திரப் படகுகளுக்கு வழி திறந்தது. இறால் ஏற்றுமதி பெருகியதும் இழுவைப் படகுகள் கரையோரத்துக்கே வந்து, வல்லங்களும் கட்டுமரங்களும் வலை விரித்த அதே நீரை அரித்தன. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்தவர்கள் இப்படித்தான் எதிரிகளாயினர். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கத் தடை விதித்தது. நாவல் வெளிவந்தபோது அந்தக் கோடுகூட இல்லை.

சாமிதாஸ் வேறொரு பெண்ணை மணக்கிறான். பிலோமி சாவதில்லை, அவனைச் சபிப்பதும் இல்லை. இழப்பை ஏற்று வீட்டைச் சுமந்து வாழ்கிறாள். வல்லம் விற்கப்படும் துயரமும் காதலன் போகும் துயரமும் ஒரே தொனியில் சொல்லப்படுவதால், தொழில் கதையைக் காதல் கதையிலிருந்து பிரித்தெடுக்க முடிவதில்லை. தமிழில் இவ்வகையின் சிறந்த ஆக்கமாக இதைக் கொள்ளலாம். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பரப்பில் மிகப் பெரியது. காதல் அதில் பல இழைகளில் ஒன்று மட்டுமே.

சீட்டுக்கு வெளியே

பாடு முறை சண்டையைத் தவிர்த்தது என்பது பாதி உண்மை. சீட்டில் பெயர் இருந்தோருக்கிடையேதான் அது சமத்துவம். பாடு இல்லாத ஊர்களின் மீனவரும், தலித் மக்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் நல்ல நீர்ப்பரப்புக்கு வெளியே நின்றனர். ஏற்றுமதி விலை இறாலைப் பணமாக்கியபின் ஏரியை நம்பி வந்தோர் கூடினர். பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தகராறுகள் எழுந்தன. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோகும் காலங்களில் இறால் வரத்தே குறைகிறது. அப்போது சீட்டில் நல்ல பாடு விழுந்தவருக்கும் வலை வெறுமையாகவே வரும்.

செம்பன்குஞ்சுவுக்குத் தோணி மறுத்த கரைக் கட்டுப்பாடும் பழவேற்காட்டின் பாட்டுத் தகுதியும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள்: நீரில் யாருக்கு உரிமை? நாவலாசிரியர்கள் அதை ஒரு பெண்ணின் திருமணத்தில் வைத்துக் கேட்டனர். ஏரிக்கரை ஊர்களில் அது ஊர்க்கூட்டத்தில், சீட்டைக் குலுக்கும் முன், யார் பெயரை எழுதலாம் என்ற இடத்தில் கேட்கப்படுகிறது.