தென்கரைக் கற்கள் சொல்லும் வரலாறு



வெலிமடையிலிருந்து விடுமுறைச் சுற்றுலா என்றால் நம்மவர் நினைவில் எழுவது தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் கடற்குளிப்புமே. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆயினும், பூமியில் பயணித்து முன்சென்றோரின் சுவடுகளைக் கண்டு சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகின்றது. அந்த எண்ணத்துடன் சென்ற விடுமுறையில் மத்ரஸா மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தென்கரையோரம் வழியாகக் கொழும்பு வரை சென்றேன். "நீங்கள் எப்போது இந்நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று ஒரு சிங்கள நண்பன் கேட்டபோது எங்கள் மாணவன் ஒருவன் பதிலின்றி நின்றானாம். அதுவே இப்பயணத்திற்குக் காரணம்.

பண்டாரவளை, வெல்லவாய வழியாக இறங்கும் பாதை நமக்குப் புதியதன்று. ஹம்பாந்தோட்டை உப்பு ஒரு காலத்தில் தவள மாடுகளின் முதுகில் ஊவா மலைகளுக்கு ஏறி வந்தது. அவ்வியாபாரத்தில் முஸ்லிம்களும் பெரும்பங்கு வகித்தனர். மலைநாட்டில் வாழும் நமக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவை அந்தப் பாதையே சொல்லும்.

ஹம்பாந்தோட்டையை அடுத்து, வளவை கங்கை கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே கொடவாய என்றோர் அமைதியான கடற்கரை உண்டு. அங்குள்ள விகாரைப் பாறையில் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கஜபாகு மன்னனுடைய கல்வெட்டு இருக்கின்றது. அத்துறைமுகத்தின் சுங்க வரியை விகாரைக்கு வழங்கிய செய்தி அதில் உள்ளது. சுங்கம் இருந்ததென்றால் கப்பல்கள் வந்தன என்பது தானே விளங்கும். 2003ஆம் ஆண்டு, சங்கு குளிக்க மூழ்கிய மீனவர்கள் இக்கடலில் 30 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கற்பலகைகளையும் மட்பாண்டங்களையும் கண்டனர். பின்னர் நடந்த ஆய்வில் அது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கப்பலின் சிதைவு எனத் தெரிந்தது. இரும்பும் கண்ணாடிக் கட்டிகளும் அதன் சரக்கில் இருந்தன. இஸ்லாத்தின் இறுதித் தூது வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே இக்கடல் வணிகர்களின் பெருவழியாக இருந்திருக்கின்றது. நம் முன்னோர் வந்ததும் அதே வழியில்தான்.

மாத்தறைக்கு முன்னே தெவிநுவர. 1344இல் இலங்கை வந்து பாவாத மலை ஏறிய இப்னு பதூதா, இறங்கிய பின் இவ்வூருக்கு வந்து, இங்கிருந்த பெரும் கோயிலையும் வணிகர் வாழ்ந்த நகரையும் வர்ணித்துள்ளார். அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்துவிட்டனர். எஞ்சிய கருங்கல் தூண்களின் நடுவே நின்றபோது ஒரு மாணவன், "இது நம்முடையதல்லவே, ஏன் பார்க்க வேண்டும்?" என்றான். நியாயமான கேள்வி. பதிலைக் கொழும்பில் தருகிறேன் என்றேன்.

காலியில் இப்னு பதூதாவை உபசரித்தவர் இப்றாஹீம் என்னும் முஸ்லிம் மாலுமி. இதே ஊரில் 1911இல் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த கற்பலகையைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள்ளன. சீனப் பேரரசரின் காணிக்கைகளைக் கொண்டுவந்தவர் தளபதி செங் ஹே. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயிலின் தேனாவரை நாயனாரையும் குறிக்கின்றது. பாரசீகப் பகுதி முஸ்லிம்களுக்குரியது. நம்மை ஒரு பொருட்டாக மதித்துப் பேரரசர் ஒருவர் கல்லில் எழுதுமளவிற்கு அன்றே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அதற்குச் சான்று தரும் அதே கல்தான் பாழடைந்த அக்கோயிலின் பெருமைக்கும் சான்று. அந்த மாணவனுக்கான பதில் அதுவே.

பேருவளையில் மஸ்ஜிதுல் அப்ராரிலும் கெச்சிமலைப் பள்ளிவாசலிலும் தொழுதோம். அப்ரார் கி.பி. 920இல் எழுந்தது என்பது மரபு. மரபை மதிக்கிறேன், ஆனால் மரபு வேறு, சான்று வேறு. மேடைகளில் நாம் இரண்டையும் குழப்பிப் பெருமை பேசுகின்றோம். எவரேனும் ஆதாரம் கேட்டால் வெட்கப்பட நேர்கின்றது. காலிக் கல் இருக்கும்போது மிகைப்படுத்தல் எதற்கு?

அக்கல்லை இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம். 1877இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தைக் கட்டியவரும் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிமே. கல்லின் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. மாணவர்கள் கண்ணாடிக்கு முகம் ஒட்டி எழுத்துகளைத் தேடினர்.

அப்போது என் மனம் வேறொரு பக்கம் சென்றது. நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஊரில் பள்ளிவாசலைப் புதுப்பித்தார்கள். பழைய மையவாடியின் அரபு எழுத்துடைய மீஸான் கற்கள் சில அத்திவாரத்துக்குள் போடப்பட்டன. கல் சுமந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மதகு மூடியாகக் கிடந்த கல்லையாவது ஓர் ஆங்கிலேயர் எடுத்துவிட்டார். நாங்கள் போட்டதை எவர் எடுப்பார்?

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கற்களில் பெயர் கீறவோ, ஓடு பொறுக்கவோ விடாதீர்கள். வாலிபர்களே, திரும்பி வந்ததும் உங்கள் ஊர் மையவாடிக்குச் செல்லுங்கள். எங்கள் மாணவர்கள் கடந்த இரு வெள்ளிக்கிழமைகளாக அஸருக்குப் பின் பாசி படிந்த மீஸான்களை ஈரத்துணியால் துடைத்து, பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் கொப்பியில் எழுதி வருகின்றார்கள். இதுவரை பதினேழு கற்கள் முடிந்துள்ளன.