மேட்டூரில் எத்தனை அடி?



வைகாசி பிறந்துவிட்டால் நம்ம பக்கத்து டீக்கடையில் முதல் பேச்சே, "மேட்டூர்ல எத்தனை அடி?" என்பதுதான். அடிக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அந்த அடிக்குப் பின்னால் இருக்கிற கதையை இன்றைக்குக் கொஞ்சம் பேசுவோம்.

அணை என்றாலே தண்ணீரைத் தேக்குவது என்று நினைக்கிறோம். கல்லணை அப்படிப்பட்டதல்ல. அது பிரித்து விடுகிற அணை. கரிகாலன் கட்டியதாக வழங்குகிற அந்த அணை, ஆற்று மணலில் பெருங்கற்களை இறக்கிக் கட்டியது. காவிரித் தண்ணீர் பள்ளத்தில் கிடக்கும் கொள்ளிடத்துக்குள் விழுந்து கடலுக்குப் போய்விடாமல், தஞ்சைப் பக்கம் திருப்பி விடுவதுதான் அதன் வேலை.

பிற்காலத்தில் காவிரித் தலைப்பு மண்மேடிட்டு, வருகிற தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போக ஆரம்பித்தது. அப்போது வந்த இஞ்சினீயர்தான் ஆர்தர் காட்டன். 1836-ல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலணை வந்த பிறகு காவிரியில் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து கரையை அரிக்கவே, 1840-களில் மறுபடி திருத்த வேலை செய்தார்கள். அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில்தான் 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி ராத்திரி 9 மதகுகள் இடிந்து விழுந்தன. 182 வருஷம் உழைத்த கட்டடம்! பிறகு பக்கத்திலேயே புதுக் கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

இத்தனை அணை இருந்தும் நம்மிடம் சேமிப்பு என்பது கிடையாது. குடகில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணி, பெய்யாவிட்டால் மணல். வெள்ளம் வந்தால் எல்லாம் கடலுக்கு. ஆகவே மேலே ஒரு தேக்கம் வேண்டும் என்ற யோசனை வெகுகாலமாக இருந்தது. ஆனால் மைசூர் சமஸ்தானமும் கண்ணம்பாடியில் ஓர் அணை கட்ட விரும்பியது. அங்கே 1911-ல் வேலை தொடங்கியது. அதற்கு எவ்வளவு உயரம், நமக்கு எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு சர்க்காருக்கும் பல வருஷம் வழக்கும் வாதமும் நடந்து, கடைசியில் 1924 பிப்ரவரியில் உடன்படிக்கை ஆயிற்று. அதே வருஷம் ஆடியில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1925-ல் மேட்டூரில் வேலை ஆரம்பம். திட்டத்தை வகுத்த இஞ்சினீயர் எல்லிஸ். சுமார் ஒரு மைல் நீள அணை. 1934 ஆகஸ்டில் திறந்து, கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கூடவே கல்லணையிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதைத்தான் இன்றும் 'புது ஆறு' என்கிறோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மானாவாரி மேட்டு நிலம் நஞ்சையானது இந்தக் கால்வாயினால்தான்.

இந்த அணைக்காக ஊரை விட்டு எழுந்து போனவர்களும் உண்டு. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகையில் அந்தப் படம் வந்தால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம். நமக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

1924 உடன்படிக்கையில் 50 வருஷத்துக்குப் பின் சில ஷரத்துகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றிருந்தது. 1974-க்குப் பிறகு அதன் பொருள் என்ன என்பதில் இரு மாநிலமும் ஒத்துப்போகவில்லை. இதற்கிடையே மேலே கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்தன. 1983-ல் உச்ச நீதிமன்றப் படியேறியது யார் தெரியுமா? நம்ம டெல்டா விவசாயிகள் சங்கம். அதன் தொடர்ச்சியாகத்தான் 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-ல் இடைக்கால உத்தரவு, 2007-ல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. நடுவர் மன்றம் சொன்னது 192. அந்த வருஷமே மேலாண்மை ஆணையமும் வந்தது.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. சுமார் 23,000 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். இப்போது மாதக் கணக்கைப் பாருங்க. தீர்ப்புப்படி ஜூனில் வருவது 9.19 டி.எம்.சி. ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. அதாவது ஜூன் 12-ந் தேதி திறக்கிற தண்ணீர் பெரும்பாலும் அந்த மாதம் மேலேயிருந்து வந்ததல்ல. போன வருஷம் மேட்டூரில் மிச்சம் பிடித்தது. மார்கழி, தை மாதங்களில் அணையில் எவ்வளவு நின்றது என்பதே அடுத்த குறுவையின் தலையெழுத்து. எனக்கென்னவோ, ஜூனில் வழக்குப் பேசுவதைவிட ஜனவரியில் நீர்மட்டத்தைக் கவனிப்பது நமக்கு உபயோகம் என்று படுகிறது.

அனுபவத்தையும் பாருங்க. 2012 முதல் எட்டு வருஷம் ஜூன் 12-ல் திறப்பில்லை. 2020-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 ஆயிற்று.

மே கடைசியில் நீர்மட்டம் 90 அடிக்கு மேல் இருந்தால் ஜூன் 12-ஐ நம்பி ஆடுதுறை 36 மாதிரி குறுகிய கால விதை நெல்லை வாங்கி வைக்கலாம். அதற்குக் கீழே என்றால், போர் பம்புசெட் இல்லாதவர்கள் குறுவை நாற்றுக்கு அவசரப்பட வேண்டாம். சி.ஆர். 1009 போன்ற நீண்ட காலச் சம்பா ரகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முளைப்புத் திறனைச் சோதித்துவிடுங்கள். கடைமடைக்காரர்கள், தண்ணீர் திறந்த தேதியிலிருந்து உங்க வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்பதை இந்த வருஷத்திலிருந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாற்றங்கால் தேதியை அந்தக் கணக்கிலிருந்து தள்ளிப் பார்த்து முடிவு செய்யலாம்.