அமானுடத் தொலைக்காட்சித் தொடர்களின் மின்னணுப் பின்னணியிசையும் தென்காசி வட்டார வழிபாட்டிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தெய்வம் இறங்குவதையும் பேய் நடமாடுவதையும் காட்சியாக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் அவற்றின் வருகையைப் பெரும்பாலும் ஒலியாலேயே முதலில் உணர்த்துகின்றன. மேலைநாடுகளில் இவ்வொலி தனி இசைத்தொகுப்பாக வெளியிடப்பட்டு வரலாற்றுச் சான்றாகியுள்ளது. ‘விடாது கருப்பு’ தொடரை முன்வைத்து, மின்னணுப் பின்னணியிசை தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் வழிபாட்டிசையிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும், இரண்டையும் ஆவணப்படுத்த வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பின்னணியிசை, மின்னணு இசை, மர்மதேசம், கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, கருப்பசாமி.

முன்னுரை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இவ்வட்டாரச் சிற்றூர்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், கருப்பசாமி முதலிய தெய்வங்களுக்குக் கொடைவிழா எடுப்பது மரபு. செங்கோட்டைப் பகுதி 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போதே தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முன்பிருந்த உறவுகள் வழிபாட்டில் இன்றும் தொடர்கின்றன. மார்கழியில் கேரளத்து அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டிக்குத் தென்காசியில் வரவேற்பு அளிக்கப்படுகிறது. அச்சன்கோவில் விழாவில் கருப்பன் துள்ளலும் நிகழ்கிறது. ஆகவே, கருப்பு என்பது இவ்வட்டார மக்களுக்குத் தொலைக்காட்சி அறிமுகப்படுத்திய பாத்திரமன்று. தனக்கென ஒலியும் ஆட்டமும் உடைய தெய்வம். அத்தெய்வம் தொடர்க்கதைக்குள் வந்தபோது அதன் ஒலி என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

மின்னணு ஒலியும் அமானுடமும்

மின்னணு ஒலி தொலைக்காட்சிக்குள் நுழைந்த வரலாற்றில் பி.பி.சி. நிறுவனம் 1958இல் தொடங்கிய ஒலிப்பட்டறை முதன்மையானது. 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு ரான் கிரெய்னர் அமைத்த முகப்பிசையை, அப்பட்டறையின் டீலியா டெர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளை ஒட்டி உருவாக்கினார். கேட்பவர் அதனை எந்தக் கருவி எழுப்புகிறது என அறிய இயலவில்லை. அதுவே அதன் ஆற்றலாயிற்று. 2016 ஜூலையில் வெளியான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடருக்கு கைல் டிக்சன், மைக்கேல் ஸ்டீன் ஆகியோர் சிந்தசைசர் கருவிகளைக் கொண்டு இசையமைத்தனர். அவ்விசை ஆகஸ்டு மாதத்திலேயே இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 2017இல் அதன் முகப்பிசை எம்மி விருது பெற்றது. காட்சிக்குத் துணையாக எழுந்த ஒலி, காட்சியின்றிக் கேட்கத்தக்க படைப்பாக ஏற்கப்பட்டதற்கு இது சான்று.

தமிழில் 1986ஆம் ஆண்டின் ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தில் இளையராஜா கணினிவழி இசையைக் கையாண்டார். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தனியார் தொடர்கள் பெருகின. விசைப்பலகைக் கருவி ஒன்றே பல கருவிகளின் ஒலியைத் தரவல்லது. குறுகிய காலத்தில் இசை சேர்க்க வேண்டிய வாரத் தொடர்களுக்கு அது ஏற்புடைய கருவியாக அமைந்ததில் வியப்பில்லை.

‘விடாது கருப்பு’: இரு விளக்கங்களின் நடுவே

இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ 1990களின் பிற்பாதியில் ஒளிபரப்பானது. ஊரில் தவறிழைப்போரைக் குதிரையேறி வரும் கருப்பு தண்டிக்கிறது என ஊரார் நம்புகின்றனர்; கதையின் முடிவோ பிளவுண்ட மனநிலை என்னும் உளவியல் விளக்கத்தை முன்வைக்கிறது.

இக்கதைப்பின்னல் பின்னணியிசைக்குத் தனிப் பொறுப்பொன்றை அளிக்கிறது. ஒலி முழுவதும் கோயில் ஒலியாக அமைந்தால் தெய்வம் உறுதிப்பட்டுவிடும்; முழுவதும் நோயின் ஒலியாக அமைந்தால் மர்மம் கலைந்துவிடும். மூலம் தெரியாத ஒலியே இரு விளக்கங்களையும் இறுதிவரை தாங்கும். அமானுடத் தொடர்கள் மின்னணு இசையை நாடுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. ஐயத்தை நிலைநிறுத்தும் அதன் இயல்பும் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மகுடமும் வில்லும்

கொடைவிழாவின் ஒலி இதற்கு நேர்மாறானது. கணியான் கூத்தில் அண்ணாவி கதை பாட, உச்சம், மந்தம் என இரு மகுடங்கள் முழங்குகின்றன. மகுடத்தின் தோல் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டப்படுகிறது. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லின் நாணை அடிக்க மணிகள் ஒலிக்கின்றன. உடுக்கையும் குடமும் துணை நிற்கின்றன. இங்கு ஒலியின் மூலம் அனைவர் கண்முன்னும் உள்ளது. சாமியாடியின் உடல் நடுங்கத் தொடங்குவதைக் கண்டு இசைப்போர் விரைவைக் கூட்டுகின்றனர். அருள் தணிகையில் குறைக்கின்றனர். எப்போது சாமி வரும் என்பதை இசைப்போரும் முன்னறியார்.

தொடரின் இசையமைப்பாளரோ படமாக்கப்பட்ட காட்சியைப் பார்த்து இசை சேர்ப்பவர். பேய் எந்த நொடியில் தோன்றும் என்பதை அவர் அறிவார், பார்வையாளர் அறியார். எனவே இரண்டிற்குமான வேறுபாடு தோலுக்கும் மின்சாரத்திற்கும் இடையிலானது மட்டுமன்று. கொடையின் இசை தெய்வத்தின் வருகைக்காகக் காத்திருக்கிறது. தொடரின் இசை பார்வையாளரைக் காத்திருக்கச் செய்கிறது.

தொகுப்பின் தேவை

குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தப்பெருமான் ஓவிய வடிவில் வழிபடப்படுகிறார். அங்கு ஆட்டம் ஒலியின்றி நிலைபெற்றுள்ளது. பின்னணியிசைத் தொகுப்பு இதன் மறுதலை. அது காட்சியின்றி நிலைபெற்ற ஒலி. தமிழ்த் திரைத்துறையில் பாடல்களே பெரிதும் தொகுப்பாக வெளியிடப்பட்டன. பின்னணியிசை அவ்வளவாகத் தொகுக்கப்படவில்லை. உரையாடலும் பிற ஓசைகளும் கலந்த ஒளிபரப்புப் பிரதியிலிருந்து இசையை மட்டும் பிரித்து ஆராய்வது கடினம்.

இதில் பெயர் பற்றிய சிக்கலும் அடங்கியுள்ளது. உடுக்கை, உறுமி முதலியவற்றின் அடிகள் இன்று மாதிரி ஒலிகளாகக் கணினியில் சேமிக்கப்பட்டுத் தேவைப்படும் இடத்தில் சேர்க்கப்படுகின்றன. கொடையில் இன்ன ஊர் அண்ணாவி பாடினார், இன்னார் மகுடம் அடித்தார் என்பதை ஊர் அறியும். மாதிரி ஒலியாக மாறிய அடிக்கு அத்தகைய அடையாளம் எளிதில் எஞ்சுவதில்லை. முறையாக வெளியிடப்படும் தொகுப்பில் இசைத்தோர் பெயரைப் பதிவுசெய்ய இயலும்.

முடிவுரை

மின்னணு இசை வழிபாட்டிசையை அழித்தது எனக் கூறுவது எளிது. ஆயின் இரண்டின் பணியும் வேறு. முன்னது ஐயத்தை வளர்க்கிறது, பின்னது வருகையை ஏற்கிறது. தொலைக்காட்சித் தொடர்களின் பின்னணியிசையைத் தனித் தொகுப்பாகப் பாதுகாப்பதும், தென்காசி வட்டாரக் கணியான், வில்லிசைக் கலைஞர்களின் இசையை அவர்தம் பெயர், ஊர், நிகழ்த்திய நாள் ஆகியவற்றுடன் ஒலிப்பதிவு செய்வதும் ஒருங்கே நடைபெற வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் பாதுகாத்தால், கருப்பின் ஒலி தமிழகத்தில் அடைந்த மாற்றத்தை ஒப்பிட்டு அறியும் வாய்ப்பை வருங்கால ஆய்வாளர் இழப்பர்.